எம்.சி.ஏ கணக்கு, நிரல் அசைன்மென்ட்களுக்கு இணையத்தில் எங்கே, எப்படி உதவி கேட்பது?

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எம்.சி.ஏ முதலாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, பிறகு அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி கணிதம். டிஸ்கிரீட் மேத்ஸ் பேப்பரில் இப்படி ஒரு அசைன்மென்ட் வந்திருக்கிறது:

"எவையேனும் 100 முழு எண்கள் தரப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்றையோ பலவற்றையோ தேர்ந்தெடுத்து, கூட்டுத்தொகை 100ஆல் மீதியின்றி வகுபடுமாறு செய்ய எப்போதும் முடியும் என நிறுவுக. அப்படி ஒரு தேர்வைக் கண்டுபிடிக்கும் நிரலையும் எழுதுக."

இதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வெளிநாட்டுக் கணிதத் தளம் ஒன்றில் போட்டேன். கொஞ்ச நேரத்திலேயே கேள்வியை மூடிவிட்டார்கள். பின்னணி விவரம் இல்லை என்று காரணம் போட்டிருந்தது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டால், யாராவது ஒருவர் போட்டு முடிக்கட்டும் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

இந்த ஒரு கணக்குக்காக மட்டும் கேட்கவில்லை. நான்கு செமஸ்டரும் இப்படித்தான் போகப்போகிறது. நீங்களெல்லாம் எங்கே கேட்கிறீர்கள், எப்படிக் கேட்கிறீர்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வடகரை எழுதியது:

வணக்கம் நிலாமுற்றம். நான் கனடாவில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே இளநிலை மாணவர்களுக்கு டீ.ஏ (பாட உதவியாளர்) வேலையும் பார்க்கிறேன். விடைத்தாள் திருத்துவது, சந்தேக நேரத்தில் உட்கார்ந்து பதில் சொல்வது என்று வாரம் முழுக்க இதே உலகம்தான்.

கேள்வியை மூடியதற்கு மனம் உடைய வேண்டாம். அந்த மாதிரித் தளங்களில் பதில் சொல்பவர்கள் எல்லோரும் சம்பளம் இல்லாமல் எழுதுபவர்கள். வினாத்தாளில் இருந்த வரியை அப்படியே கொண்டுபோய் வைத்தால், கேட்பவருக்கு எவ்வளவு தெரியும், எங்கே சிக்கியிருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. மீதி என்பதிலிருந்து சொல்ல வேண்டுமா, ஒரு சின்னக் குறிப்பு போதுமா? தெரியாதபோது மூடிவிடுகிறார்கள். மூடிய கேள்வியைத் திருத்தி எழுதினால் மறுபடி திறக்கவும் செய்வார்கள். பலருக்கு இது தெரியாமல் அதோடு விட்டுவிடுகிறார்கள்.

உங்களிடம் மூன்று விஷயம் கேட்க வேண்டும். இந்த அசைன்மென்ட்டுக்கு மதிப்பெண் உண்டா? வெளியே கேட்டு எழுத உங்கள் ஆசிரியர் அனுமதிக்கிறாரா? நீங்கள் இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள்? மூன்றாவதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள். தப்பாகப் போனதையும் எழுதுங்கள், அதுதான் எங்களுக்கு அதிகம் உதவும்.

---

ராத்திரி_ஷிப்ட் எழுதியது:

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. பகல்ல காலேஜ், ராத்திரி பெட்ரோல் பங்க்ல வேலை. அசைன்மென்ட் கொடுத்த அன்னிக்கே உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கிறவங்களுக்கு "முயற்சி பண்ணிட்டு வா"ன்னு சொல்றது சரி. என்னை மாதிரி ஆளுக்கு முழு விடையும் படி படியா கிடைச்சா, அதைப் படிச்சுப் புரிஞ்சுக்கிறதுதான் படிப்பே. குறிப்பு கொடுத்துட்டுப் போயிடுறாங்க, அந்தக் குறிப்பே புரியாது. அப்புறம் என்ன செய்யறது?

டெலிகிராம் குரூப்ல கிடைக்கிறதைப் பார்த்து எழுதுறவங்க எல்லாம் சோம்பேறிங்க இல்ல. கேட்க ஆள் இல்லாதவங்கதான் நிறைய பேர். அண்ணா, அக்கா யாரும் வீட்ல காலேஜ் போனதில்ல. எங்க போய் கேட்க?

---

கூட்டல்_கழித்தல் எழுதியது:

ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். முப்பது ஆண்டுக்கு மேல் கல்லூரியில் பாடம் நடத்தியிருக்கிறேன்.

தம்பி ராத்திரி ஷிப்ட், நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. 1985-ல் ஸ்வெல்லரும் கூப்பரும் ஆஸ்திரேலியாவில் இயற்கணிதம் படிக்கும் மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவினருக்குக் கணக்குகளைக் கொடுத்து நீங்களே போடுங்கள் என்றார்கள். இன்னொரு பிரிவினருக்குப் போட்டுக் காட்டிய கணக்கு ஒன்று, அதே மாதிரி தானே போட வேண்டிய கணக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அதே வகைக் கணக்குகளைத் தேர்வில் கொடுத்தபோது, போட்டுக் காட்டிய கணக்கைப் பார்த்தவர்கள்தான் வேகமாகவும் குறைந்த பிழையோடும் செய்தார்கள். ஆகவே புதிதாக நுழைபவருக்கு முழு விடை கூடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த ஆய்வில் போட்டுக் காட்டியது ஒரு கணக்கு, மாணவர் தானே போட்டது பக்கத்துக் கணக்கு. இதைக் கவனியுங்கள். நீங்கள் ஒப்படைக்க வேண்டிய கணக்கையே யாராவது போட்டுக் கொடுத்துவிட்டால், உங்கள் கையால் போடுவதற்கு அந்த இடத்தில் எதுவும் மிஞ்சாது. நேரம் இல்லாத மாணவர் இப்படிக் கேட்கலாம்: "இதே உத்தி வரும் வேறு ஒரு சிறிய கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுங்கள், என்னுடையதை நான் போட்டுக்கொள்கிறேன்." இப்படிக் கேட்பவரை எந்த ஆசிரியரும் திருப்பி அனுப்பமாட்டார். குறிப்பே புரியவில்லை என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். புரியாத குறிப்பைக் கொடுத்தது சொல்பவரின் குறை.

---

பனங்கூடல் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், கணினி விஞ்ஞானம் இறுதி வருடம். எங்கட நிலைமையும் கிட்டத்தட்ட இதுதான். உயர்தரம் வரைக்கும் தமிழில் படித்துவிட்டு கம்பஸுக்கு வந்தால் விரிவுரை, அசைன்மென்ட், பரீட்சை எல்லாமே ஆங்கிலம். முதல் வருடம் எனக்குக் கணக்கு விளங்கும், ஆனால் எனக்கு என்ன விளங்கேல்லை என்று ஆங்கிலத்தில் எழுத வராது. அதனால் கேள்வியை மட்டும் போட்டோ எடுத்துப் போடுவேன். ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள்.

போட்டோ போட வேண்டாம் என்று அவர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கு. படத்துக்குள் இருக்கும் கணக்கைத் தேடுபொறியால் தேட ஏலாது. அடுத்த வருடம் இதே கணக்கோடு வரும் பிள்ளைக்கு அந்தப் பதில் அகப்படாது. பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வைத்துப் படிக்கிறார்கள், அவர்களுக்கும் அந்தப் படத்தால் பிரயோசனம் இல்லை. கணக்குக் குறியீடுகளை எழுத லேடெக் படியுங்கோ. இரண்டு நாள் கஷ்டமாக இருக்கும், பிறகு கை பழகிவிடும். ஆய்வறிக்கை எழுதும்போதும் அதுதான் கைகொடுக்கும்.

ஆங்கில வசனம் சின்னதாக இருந்தால் போதும். "இது கேள்வி. இதைச் செய்து பார்த்தேன். இந்த வரியில் நிற்கிறேன். இந்த வரி ஏன் சரி என்று தெரியவில்லை." இந்த நாலு வசனத்தையும் தமிழில் முதலில் எழுதிவிட்டு ஆங்கிலத்துக்கு மாற்றுவேன். இலக்கணப் பிழைக்காக ஒருவரும் கேள்வியை மூடியதை நான் காணேல்லை.

---

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வடகரை அண்ணா கேட்டதற்குப் பதில்: இன்டர்னல் மதிப்பெண் உண்டு. யாரோடும் கலந்து பேசலாம், எழுதுவது சொந்தமாக இருக்க வேண்டும், வைவாவில் கேட்பேன் என்று மேடம் சொல்லியிருக்கிறார்.

நான் செய்து பார்த்தவை இவை.

முதலில் தொகுத்தறிதல் முறை. 1 எண்ணுக்குச் சரி, எந்த எண்ணும் 1ஆல் வகுபடும். 2 எண்களுக்கும் சரி: ஒன்று இரட்டை எண் என்றால் அதையே எடுக்கலாம், இரண்டும் ஒற்றை என்றால் கூட்டினால் இரட்டை. 99 எண்களுக்குச் சரி என்று வைத்துக்கொண்டு 100க்குப் போகப் பார்த்தேன், அங்கே நின்றுவிட்டது. 99 எண்களில் கிடைப்பது 99ஆல் வகுபடும் கூட்டுத்தொகை. எனக்குத் தேவை 100ஆல் வகுபடுவது. இரண்டுக்கும் தொடர்பே கிடைக்கவில்லை.

பிறகு நிரல். எல்லா உட்கணங்களையும் ஒரு பட்டியலில் சேர்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். 20 எண்களுக்கு ஓடியது. 40 கொடுத்ததும் மடிக்கணினி உறைந்துவிட்டது.

---

தறி எழுதியது:

ஈரோடு பக்கம், பத்து வருஷமாக மென்பொருள் வேலை. உங்கள் நிரல் ஏன் உறைந்தது என்பதற்கு மட்டும் பதில்.

20 எண்களுக்கு உட்கணங்கள் சுமார் 10 லட்சம். 40 எண்களுக்கு ஒரு லட்சம் கோடிக்கும் மேல். அதை முழுக்க ஒரு பட்டியலில் அடுக்க எந்த மடிக்கணினியிலும் நினைவகம் கிடையாது. ஒவ்வொன்றாக உருவாக்கி, கிடைத்ததும் நிறுத்தினால் பெரும்பாலும் சீக்கிரமே விடை வந்துவிடும், செய்து பாருங்கள். ஆனால் எல்லா உள்ளீட்டுக்கும் சீக்கிரம் வரும் என்று அதை வைத்து உறுதி சொல்ல முடியாது. அதற்கு முதல் பாதியின் நிறுவல் வேண்டும். நல்ல நிறுவல் கிடைத்தால் நிரலும் அதிலிருந்தே வந்துவிடும் என்று நினைக்கிறேன். கணக்கை சாரிடம் விடுகிறேன்.

---

கூட்டல்_கழித்தல் எழுதியது:

அம்மா நிலாமுற்றம், இப்போது நீங்கள் எழுதியிருப்பது அருமையான கேள்வி. தொகுத்தறிதல் எங்கே உடைகிறது என்று நீங்களே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டீர்கள். எண்ணிக்கை மாறும்போது வகுக்கும் எண்ணும் மாறுகிறது, அதனால் முந்தைய படி அடுத்த படிக்கு உதவவில்லை. இந்த இரண்டு வரியைத் தளத்தில் சேர்த்திருந்தால் கேள்வியை மூடியிருக்கமாட்டார்கள்.

குறிப்பு இதோ. எல்லா உட்கணங்களையும் பார்க்க வேண்டாம். எண்களை வரிசையாக வைத்துக்கொண்டு முதல் எண் மட்டும், முதல் இரண்டின் கூட்டல், முதல் மூன்றின் கூட்டல், இப்படிக் கடைசி வரை எடுங்கள். எத்தனை கூட்டுத்தொகைகள் கிடைக்கும்? ஒவ்வொன்றையும் 100ஆல் வகுத்தால் வரும் மீதியைப் பாருங்கள். 100 பெரிதாகத் தோன்றினால் 5 எண்களோடு 5ஆல் வகுத்துப் பாருங்கள். 3, 4, 9, 2, 6 என்று தொடங்கலாம்.

---

ராத்திரி_ஷிப்ட் எழுதியது:

சார், இதை ஏஐ கிட்ட கேட்டா பத்து செகண்ட்ல முழுசா கொடுத்துடுமே? நான் இப்பவே கேட்டேன், கொடுத்துச்சு. படிச்சா சரியாவும் தெரியுது. அப்புறம் ஏன் இவ்வளவு சுத்தி வரணும்? உண்மையிலேயே தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.

---

வடகரை எழுதியது:

நியாயமான கேள்வி. இந்தக் கணக்கை இப்போதைய ஏஐ சரியாகவே போடும், நானும் ஒத்துக்கொள்கிறேன். பாடப்புத்தகக் கணக்கு பெரும்பாலும் அதற்குத் தெரியும்.

சிக்கல் வருவது "படித்தால் சரியாகத் தெரிகிறது" என்ற இடத்தில். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. டிசம்பரிலேயே நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதிலிருந்து எடுத்த பதில்களைத் தடை செய்தது. தவறான பதில்கள் நிறைய இருந்தன, ஆனால் பார்வைக்கு எல்லாம் நன்றாக இருந்தன என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அதன் பிறகு கருவிகள் வெகுவாக முன்னேறிவிட்டன. ஆனாலும் ஒரு நிறுவலின் நடுவில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் கண் படிப்பவருக்கு இருந்தால்தான் அதை நம்பிப் பயன்படுத்த முடியும். அந்தக் கண் சொந்தமாக எழுதித் திருத்தும்போதுதான் வருகிறது. என் மாணவர்களில் ஏஐ-யை நன்றாகப் பயன்படுத்துபவர்கள் தங்கள் நிறுவலை எழுதிவிட்டு, "இதில் எந்த வரிக்குக் காரணம் போதவில்லை?" என்று கேட்கிறார்கள். அது சுட்டும் வரியைத் தாங்களே சரிபார்க்கிறார்கள். விடையைக் கேட்பவர்களுக்கு வைவாவில் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாற்றம் தெரிந்துவிடும்.

நிரல் அசைன்மென்ட்டில் இன்னொன்று. எங்கள் துறையில் எல்லாச் சமர்ப்பிப்புகளையும் மாஸ் என்ற ஒப்பீட்டுக் கருவியில் போடுவோம். 1994-லேயே உருவான கருவி அது, இன்று ஸ்டான்ஃபோர்டு வழியாகக் கிடைக்கிறது. மாறிகளின் பெயரை மாற்றினாலும் இடைவெளி, குறிப்புரை மாற்றினாலும் அதன் கண்ணில் படும், ஏனென்றால் அது பார்ப்பது நிரலின் கட்டமைப்பை. காசு வாங்கிக்கொண்டு விடை தரும் தளத்திலிருந்து எடுத்த ஒரே நிரல் பத்துப் பேரிடமிருந்து வந்த பருவங்கள் உண்டு. அவர்களைக் கூப்பிட்டு விசாரித்த அறையில் நானும் இருந்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், அந்தத் தளங்கள் பக்கமே போகாதீர்கள்.

---

நிலாமுற்றம் எழுதியது:

சார், வந்துவிட்டது என்று நினைக்கிறேன்! 3, 4, 9, 2, 6 வைத்துப் போட்டேன். கூட்டுத்தொகைகள் 3, 7, 16, 18, 24. ஐந்தால் வகுத்தால் மீதி 3, 2, 1, 3, 4. முதலாவதுக்கும் நான்காவதுக்கும் ஒரே மீதி 3. நான்காவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் 15, அதாவது 4 + 9 + 2. ஐந்தால் வகுபடுகிறது!

100க்கு: வரிசையாகக் கூட்டினால் 100 கூட்டுத்தொகைகள். ஏதாவது ஒன்றின் மீதி 0 என்றால் அதுவே விடை. எதுவும் 0 இல்லை என்றால் மீதிகள் 1 முதல் 99 வரைதான் இருக்க முடியும். 100 கூட்டுத்தொகைகளுக்கு 99 மீதிகள் மட்டும், ஆகவே ஏதோ இரண்டுக்கு ஒரே மீதி. பெரிய தொகுப்பிலிருந்து சிறியதைக் கழித்தால் நடுவில் உள்ள எண்களின் கூட்டுத்தொகை மிஞ்சும், அது 100ஆல் வகுபடும். புறாக்கூட்டுக் கொள்கை!! கூடுகளைவிடப் புறாக்கள் அதிகம் என்றால் ஏதோ ஒரு கூட்டில் இரண்டு புறா இருந்தே தீரும். இந்த யூனிட்டில்தான் அது இருக்கிறது, ஆனால் இந்தக் கணக்கில் புறா எது, கூடு எது என்று இதுவரை எனக்குத் தெரியாமல் இருந்தது.

---

கூட்டல்_கழித்தல் எழுதியது:

மிகச் சரி. ஒரு வார்த்தை மாற்ற வேண்டியதில்லை. கழித்தபின் மிஞ்சுவது வெற்றுக்கணம் அல்ல, குறைந்தது ஓர் எண்ணாவது இருக்கும் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். திருத்துபவர் அந்த வரியைத் தேடுவார்.

கேள்வியில் கேட்டதைவிட அதிகமாகவே நிறுவியிருக்கிறீர்கள் என்பதைக் கவனித்தீர்களா? சிதறலாகத் தேர்ந்தெடுக்கக்கூட வேண்டாம், வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் எண்களே போதும். என் வகுப்பில் ஒரு மாணவி இதைத் தானே கவனித்து எழுந்து நின்று சொன்ன நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

---

நிலாமுற்றம் எழுதியது:

நிரலும் எழுதிவிட்டேன். 100 இடங்கள் உள்ள அர்ரே ஒன்றில், எந்த மீதி எந்த இடத்தில் முதலில் வந்தது என்று குறித்துக்கொண்டே போகிறேன். அதே மீதி மறுபடி வந்ததும் நடுவில் உள்ளவற்றை அச்சிடுகிறேன். ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் மேடம் கொடுத்த சோதனைக் கோப்பில் சில சமயம் தவறான விடை வருகிறது, சில சமயம் நிரல் பாதியில் நின்றுவிடுகிறது. சி மொழியில் எழுதினேன். தோழி பைத்தானில் இதே மாதிரி எழுதியிருக்கிறாள், அவளுக்கு ஓடுகிறது. முழு நிரலையும் இங்கே ஒட்டட்டுமா?

---

தறி எழுதியது:

முழு நிரல் வேண்டாம். பிழை வரும் மிகச் சிறிய உள்ளீட்டைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். 100 எண்கள் உள்ள கோப்பை எடுத்துப் பாதியாக வெட்டுங்கள், வகுக்கும் எண்ணையும் அதற்கேற்ப மாற்றுங்கள். இன்னும் பிழை வருகிறதா? மறுபடி வெட்டுங்கள். அலுவலகத்தில் ஒரு பிழைப் புகார் வந்தால் நாங்கள் முதலில் செய்வதே இதுதான். பாதி நேரம் வெட்டிக்கொண்டிருக்கும்போதே காரணம் தெரிந்துவிடும், யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

---

நிலாமுற்றம் எழுதியது:

இரண்டே எண்களில் வருகிறது: -3, 4. குறை எண் இருந்தால்தான் பிழை! முதல் கூட்டுத்தொகை -3, இரண்டால் வகுத்த மீதியை அச்சிட்டுப் பார்த்தேன், -1 என்று காட்டுகிறது. மீதி எப்படிக் குறை எண்ணாக இருக்க முடியும்?

---

தறி எழுதியது:

அதேதான். சி மொழியில் வகுத்தலின் ஈவு பூச்சியத்தை நோக்கி வெட்டப்படுகிறது, 1999 தரநிலையிலிருந்து அதுதான் விதி. அதனால் -7ஐ 5ஆல் வகுத்தால் சி மொழி தரும் மீதி -2. பைத்தான் ஈவைக் கீழ்நோக்கி எடுக்கும், அதன் மீதி 3. கணித வகுப்பில் நாம் சொல்லும் மீதி பைத்தான் தருவதுதான். அதனால்தான் தோழிக்கு ஓடியது.

உங்கள் நிரல் அர்ரேயின் -1ஆவது இடத்தைத் தொடுகிறது. ஜாவா என்றால் உடனே பிழைச்செய்தி கொடுத்திருக்கும். சி அப்படிச் சொல்லாது. பக்கத்தில் வேறு எதுவோ இருக்கும் நினைவகத்தைப் படித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும், அதனால்தான் சில சமயம் தவறான விடை, சில சமயம் நின்றுபோவது. மீதி எடுத்ததும் வகுக்கும் எண்ணைக் கூட்டி மறுபடி மீதி எடுங்கள், சரியாகிவிடும்.

கூடவே, எண்கள் பெரியதாக இருந்தால் கூட்டுத்தொகை முழு எண் வரம்பைத் தாண்டும். கூட்டுத்தொகையை வைத்துக்கொள்ளாமல் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு அதோடு அடுத்த எண்ணின் மீதியைக் கூட்டுங்கள். இது ஏன் அதே விடையைத் தரும் என்று வைவாவில் கேட்க வாய்ப்பு உண்டு, யோசித்து வையுங்கள்.

---

பனங்கூடல் எழுதியது:

இந்த இழையை அப்படியே சேமித்து வைக்க வேணும் போல இருக்கு. எங்கே கேட்பது என்ற முதல் கேள்விக்கு இன்னும் சரியாகப் பதில் வரேல்லை, நான் பாவிப்பதைச் சொல்கிறேன்.

இளநிலை, முதுநிலைக் கணக்குகளுக்கு மேத்தமேட்டிக்ஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச், 2010 முதல் இருக்கிறது. பழைய கேள்விகளில் தேடினாலே பாதிக் கணக்குக்கு வழி கிடைக்கும், ஆகவே கேட்பதற்கு முன் தேடுங்கோ. மேத் ஓவர்ஃப்ளோ ஆராய்ச்சியாளர்களுக்கானது, அசைன்மென்ட் கேள்வியை அங்கே கொண்டுபோகக் கூடாது. ஒரே கேள்வியை இரண்டு இடத்தில் போட்டால் இரண்டு இடத்திலும் அதைச் சொல்லிவிடுங்கோ. ஒருவர் ஏற்கெனவே பதில் எழுதிவிட்டார் என்று தெரியாமல் இன்னொருவர் ஒரு மணித்தியாலம் செலவழித்துவிடக் கூடாது. பதில் கிடைத்ததும் கேள்வியை அழிக்கவும் கூடாது. சிலர் ஆசிரியர் கண்டுவிடுவார் என்று அழித்துவிடுகிறார்கள், எழுதியவரின் உழைப்பும் சேர்ந்து போய்விடும்.

சின்னச் சின்ன மதிப்புகளைக் கணக்கிட்டு ஒரு எண் வரிசை வந்தால் ஓஇஐஎஸ் என்ற தளத்தில் தேடிப்பாருங்கோ. நீல் ஸ்லோன் 1964-ல் சேர்க்கத் தொடங்கிய எண் வரிசைகளின் களஞ்சியம். 1, 2, 5, 14, 42 என்று போட்டால் கட்டலான் எண்கள் என்று சொல்லி, அவை எங்கெங்கே வரும் என்றும் காட்டும். மறுநிகழ்வுத் தொடர்பு (முந்தைய எண்களிலிருந்து அடுத்த எண்ணைத் தரும் விதி) வரும் கணக்குகளில் எனக்கு எத்தனையோ தரம் உதவியிருக்கு. விடை சரியா என்று பார்க்க சேஜ்மேத் என்ற கணித மென்பொருள் இருக்கு, இலவசம்.

---

ராத்திரி_ஷிப்ட் எழுதியது:

என்பிடெல் கோர்ஸ், அதான் ஐஐடிக்காரங்க நடத்துற ஆன்லைன் பாடம், அதைப் பத்தியும் யாராவது சொல்லுங்க. காலேஜ்ல கிரெடிட்டுக்காகச் சேர்த்துவிட்டாங்க. வாரா வாரம் அசைன்மென்ட் விடை டெலிகிராம்ல வருது, அதைப் பார்த்துத்தான் போடுறேன். இனிமே அப்படிப் போட வேண்டாம்னு தோணுது, ஆனா கேட்க இடம் வேணுமே.

---

கூட்டல்_கழித்தல் எழுதியது:

தம்பி, ஒவ்வொரு என்பிடெல் பாடத்துக்கும் தனியாகக் கலந்துரையாடல் பகுதி இருக்கிறது. டீ.ஏ-க்கள் அங்கே பதில் சொல்கிறார்கள். அதைத் திறந்தே பார்க்காத மாணவர்கள் ஏராளம். மதிப்பெண் உள்ள கேள்விக்கு நேரடியாக விடை தரமாட்டார்கள், ஆனால் வீடியோவில் எந்த நிமிடத்தில் புரியவில்லை என்று கேட்டால் விளக்குவார்கள்.

கணக்கையும் பாருங்கள். வார அசைன்மென்ட்களுக்கு 25 மதிப்பெண், மேற்பார்வையோடு நடக்கும் தேர்வுக்கு 75. 12 வாரப் பாடம் என்றால் அசைன்மென்ட்களில் சிறந்த 8-ன் சராசரியைத்தான் எடுக்கிறார்கள். வேலை அதிகமான நான்கு வாரங்களை நீங்கள் விட்டுவிடவே இடம் கொடுத்திருக்கிறார்கள்! டெலிகிராம் விடையை நம்பி 25ஐ முழுதாக வாங்கினாலும், தேர்வில் 75க்கு 30 எடுக்காவிட்டால் சான்றிதழ் கிடையாது. வாரம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் சொந்தமாகப் போட்டு, நின்ற இடத்தை இங்கே எழுதுங்கள். உங்கள் ஷிப்ட் முடிந்து எந்த நேரத்தில் போட்டாலும் சரி. எனக்கு வயதாகிவிட்டது, நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடும்.

---

நிலாமுற்றம் எழுதியது:

நிரல் எல்லாச் சோதனைகளிலும் ஓடிவிட்டது. மேடத்திடம் இந்த இழையையும் காட்டிவிட்டேன். யார் எந்தக் குறிப்பைக் கொடுத்தார்கள் என்று அசைன்மென்ட் முடிவில் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

சார், அடுத்து ஏதாவது கொடுங்கள். அசைன்மென்ட்டுக்கு இல்லை, எனக்காக.

---

கூட்டல்_கழித்தல் எழுதியது:

மகிழ்ச்சி அம்மா. இதற்கு ஓர் அக்கா கணக்கு உண்டு. உங்கள் கணக்கில் எத்தனை எண்களை எடுக்கிறோம் என்பது நம் கையில் இல்லை. இப்போது எண்ணிக்கையும் சரியாக இருக்க வேண்டும்: எந்த 199 முழு எண்களைக் கொடுத்தாலும், அவற்றில் சரியாக 100 எண்களைக் கூட்டுத்தொகை 100ஆல் வகுபடும்படி தேர்ந்தெடுக்கலாம். 1961-ல் எர்டோஷ், கின்ஸ்பர்க், சிவ் மூவரும் நிறுவினார்கள். நேரே 100க்குப் போக வேண்டாம். 3 எண்களில் 2, 5 எண்களில் 3, 7 எண்களில் 4 என்று ஏறுங்கள்.

---

நிலாமுற்றம் எழுதியது:

மூன்றில் 2: மூன்று எண்களில் குறைந்தது இரண்டு எண்கள் ஒற்றை-ஒற்றையாகவோ இரட்டை-இரட்டையாகவோ இருக்கும், அவற்றைக் கூட்டினால் இரட்டை.

ஐந்தில் 3: மூன்றால் வகுத்த மீதி 0, 1, 2. மூன்று மீதியும் வந்திருந்தால் ஒவ்வொன்றிலும் ஒன்று எடுத்தால் 0 + 1 + 2 = 3. ஏதாவது ஒரு மீதி வரவில்லை என்றால் ஐந்து எண்களும் இரண்டு மீதிக்குள் அடங்குகின்றன, ஒன்றில் மூன்று எண்கள் இருந்தே தீரும். அந்த மூன்றைக் கூட்டினால் மூன்றால் வகுபடும்.

ஏழில் 4: மீதிகளாகப் பிரித்தால் நிறைய வகைகள் வந்து குழம்பிவிட்டது. அதனால் ஏழிலிருந்து இரட்டைக் கூட்டுத்தொகை வரும் ஒரு ஜோடியை எடுத்தேன். மிச்சம் ஐந்து, அதில் ஒரு ஜோடி. மிச்சம் மூன்று, அதில் ஒரு ஜோடி. மூன்று ஜோடிகள் கிடைத்தன. இரண்டு ஜோடிகளைச் சேர்த்தால் 4 எண்கள், கூட்டுத்தொகை இரட்டை. ஆனால் நான்கால் வகுபட வேண்டுமே? இங்கே நிற்கிறேன்.

---

கூட்டல்_கழித்தல் எழுதியது:

விடைக்கு வெகு அருகில் நிற்கிறீர்கள். மூன்று ஜோடிகளின் கூட்டுத்தொகைகளையும் பாதியாக்கி எழுதுங்கள். மூன்று முழு எண்கள் கிடைக்கும். மூன்று முழு எண்களைப் பற்றி மேலே முதல் வரியிலேயே ஒன்று நிறுவியிருக்கிறீர்கள்.

---

ராத்திரி_ஷிப்ட் எழுதியது:

சார், நானும் போட்டுப் பார்த்தேன். நிலாமுற்றம் எழுதட்டும்னு 4-க்கு நான் சொல்லல. அதே வழியில 11 எண்கள்ல 6 எடுக்க முடியுமான்னு முயற்சி பண்றேன். ஐந்தில் 3ஐ வெச்சு 11லிருந்து ஒரு மூணு, மிச்சம் 8லிருந்து ஒரு மூணு, மிச்சம் 5லிருந்து ஒரு மூணு. ஒவ்வொண்ணும் மூணால வகுபடும். மூணால வகுத்தா மூணு எண் வருது. அதுல ரெண்டு எடுத்தா கூட்டல் இரட்டை ஆகும், அப்போ ஆறு எண்கள், ஆறால வகுபடும். இது சரியா? சரின்னா ஐந்துக்கு, அதாவது 9 எண்கள்ல 5-க்கு, இந்த வழி வரமாட்டேங்குது. 5-ஐ ரெண்டு எண்ணோட பெருக்கலா பிரிக்க முடியல. அங்கதான் நிக்கறேன்.